வெட்டிய அன்று புல் சாவதில்லை

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், சி பிளாக் பின்புறக் காலியிடம் பற்றிய வாக்கெடுப்புக்கு முன் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



செயலாளர் என்னை 15 நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார். புல்லைப் பற்றி 15 நிமிடம் பேச என்ன இருக்கிறது என்று வீட்டிலேயே கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். ஆனால் நான் பேசி முடித்ததும் நாம் எல்லோரும் கை தூக்கி ஒரு முடிவு எடுக்கப் போகிறோம். சி பிளாக்குக்குப் பின்னால் இருக்கிற அந்த அரை ஏக்கரை, மாதம் இரண்டு தடவை இயந்திரம் வைத்துத் தரையோடு தரையாக வெட்டுவதற்கு இன்னும் ஓராண்டு ஒப்பந்தம் போடுவதா, வேண்டாமா என்பதுதான் அது.

கடந்த ஒரு வருடமாக அப்படித்தான் வெட்டி வருகிறோம். நாம் குடிவந்த புதிதில் அந்த இடம் இடுப்பளவு பச்சையாக இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இந்தக் கோடையில் அது வெறும் புழுதி. காற்றடித்தால் சி பிளாக் பால்கனிகளில் துணி காயப்போட முடியவில்லை. ‘இந்த வருஷ வெயில் புல்லையெல்லாம் கொளுத்திவிட்டது’ என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினோம். நானும் அதற்குக் கட்டைவிரல் காட்டினேன். ஆனால் வெயில்மேல் முழுப் பழியையும் போடுவது சரியில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தது தவறு. அதற்காகத்தான் இந்த 15 நிமிடம்.

என் சொந்த ஊர் காங்கேயத்துக்குப் பக்கம். அங்கே மழை குறைவு, ஆற்றுப் பாசனமும் கிடையாது. அப்படிப்பட்ட மண்ணில் எங்கள் முன்னோர்கள் புல்லையே வெள்ளாமையாக வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பெயர் கொறங்காடு. சில ஏக்கர் நிலத்தைச் சுற்றிக் கிளுவை முள்வேலி உயிரோடு நிற்கும். உள்ளே கொழுக்கட்டைப்புல். நடுநடுவே வெள்வேல மரங்கள். புல் காய்ந்து நிற்கிற காலத்தில் அந்த மரத்தின் காய் விழுந்து ஆட்டுக்குத் தீனியாகும். வேலி இருப்பதால் மாட்டை மேய்க்க ஆள் வேண்டாம். உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் போதும். காங்கேயம் காளை என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அந்தக் காளை வளர்ந்தது இந்தப் புல்லில்தான்.

எங்கள் அப்பாருவுக்கு, அதாவது அப்பாவின் அப்பாவுக்கு, மூன்று கொறங்காடு இருந்தது. ஒன்றில் மாடு மேய்ந்தால் மற்ற இரண்டின் படலும் சாத்தியிருக்கும். சின்ன வயதில் எனக்கு இது புரியாது. பசேலென்று புல் நிற்கிற காட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு, அரைகுறையாக மேய்ந்த காட்டிலிருந்து மாட்டை வேறு இடத்துக்கு ஓட்டுகிறாரே என்று தோன்றும். “இன்னும் புல்லு இருக்குதுங்களே அப்பாரு” என்று ஒரு நாள் கேட்டேன். “இருக்கட்டும் கண்ணு, அது அதும்பங்கு” என்றார்.

புல்லுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அந்தப் பங்கு எதற்காக என்பதை நான் பிறகு தெரிந்துகொண்டேன். அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

மேசைமேல் இரண்டு புல் தூர் வைத்திருக்கிறேன். இரண்டும் கொழுக்கட்டைப்புல்தான். இரண்டும் நம் காலியிடத்தில் தோண்டியவைதான். ஒன்று பம்ப் ரூம் சுவரோரம் இருந்தது. அங்கே குழாய்கள் குறுக்கே போவதால் இயந்திரம் நுழையாது. இன்னொன்று நடுவில் இருந்து எடுத்தது. வேரைப் பாருங்கள். சுவரோரத் தூரைத் தோண்டக் கடப்பாரை வேண்டியிருந்தது. அப்படியும் பாதி வேர் மண்ணுக்குள்ளேயே அறுந்து நின்றுவிட்டது. நடுவில் இருந்ததைக் கையால் பிடித்து இழுத்தேன், வந்துவிட்டது. வேர் ஒரு விரல் நீளம்கூட இல்லை. மண் ஒன்று, மழை ஒன்று, வெயில் ஒன்று. வேறுபாடு கத்தி மட்டும்தான்.

நாம் வெட்டியது மேலே. குறைந்தது கீழே. இது எப்படி?

முதலில் ஒரு நல்ல செய்தி. மற்ற செடிகளைவிடப் புல் வெட்டுக்குப் பழகியது. ஒரு ரோஜாச் செடியின் தண்டு நுனியைக் கிள்ளினால் அந்தத் தண்டு அதற்குமேல் நீளாது. பக்கத்தில்தான் துளிர்க்கும். புல் அப்படியில்லை. புல்லின் இலை அடியிலிருந்து வளர்கிறது. வளர்ந்துகொண்டிருக்கும் இலையின் நுனியை மாடு கடித்துவிட்டாலும் அடிப்பகுதி மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். புதுப்புது இலைகளை உண்டாக்குகிற குருத்து, வளர்ச்சியின் தொடக்கத்தில் தரையை ஒட்டித் தூருக்குள் பத்திரமாக இருக்கும். மாட்டின் வாயும் அரிவாளும் அதற்கு மேலே போய்விடும். கோடிக்கணக்கான வருடங்களாக மேய்ச்சலோடு சேர்ந்தே வாழ்ந்து வந்த செடி இது.

அதனால்தான் நமக்குத் தைரியம். எத்தனை முறை வெட்டினாலும் புல் வந்துவிடும் என்று நினைக்கிறோம். வருகிறது, உண்மைதான். எதைச் செலவு செய்து வருகிறது என்பதுதான் கேள்வி.

நம் சங்கக் கணக்கை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். மாதாமாதம் வருகிற பராமரிப்புக் கட்டணம் ஒன்று, கார்பஸ் ஃபண்ட் ஒன்று. புல்லுக்கு இலைதான் மாத வரவு. வெயிலை வாங்கி உணவாக்குவது இலை. செலவு போக மிஞ்சுவதைத் தண்டின் அடியிலும் தூரிலும் சேர்த்து வைக்கும். அதுதான் கார்பஸ். இலை பாதி மிச்சம் இருந்தால், வரவு நிற்காமல் வந்துகொண்டிருக்கும். அதைக் கொண்டே புது இலையைக் கட்டிக்கொள்ளும். இலையை முழுக்க எடுத்துவிட்டால் வரவு சுத்தமாக நின்றுவிடும். பிறகு கார்பஸை உடைத்துத்தான் முதல் இலையைக் கட்ட வேண்டும். தரையோடு வெட்டினால் அந்தத் தண்டின் அடியும் போய்விடுகிறது. அதாவது வருமானத்தையும் நிறுத்திவிட்டுச் சேமிப்பிலும் கை வைக்கிறோம்.

எந்தக் குடும்பமும் இந்த நிலையில் என்ன செய்யும்? சில செலவுகளை நிறுத்தும். புல் முதலில் நிறுத்துகிற செலவு வேர்.

இதை அளந்து பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். பெயர் ஃபிராங்க்ளின் கிரைடர். அமெரிக்க வேளாண் துறையின் மண் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்தவர். பல வகைப் புற்களை வளர்த்து, ஒன்றில் பத்தில் ஒரு பங்கு தழையை வெட்டினார், இன்னொன்றில் பத்தில் இரண்டு பங்கு, இப்படிப் பத்தில் ஒன்பது பங்கு வரை வெட்டி, கீழே வேர் என்ன செய்கிறது என்று கவனித்தார். 1955இல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. அதிலுள்ள கணக்கை இந்த அட்டையில் பெரிதாக எழுதி வந்திருக்கிறேன்.

தழையில் 40 சதவீதம் வரை வெட்டினால் வேரின் வளர்ச்சி நிற்கவே இல்லை. 50 சதவீதம் வெட்டினால் 2 முதல் 4 சதவீத வேர்கள் வளர்ச்சியை நிறுத்தின. 60 சதவீதம் வெட்டினால் பாதி வேர்கள் நின்றுவிட்டன. 70 சதவீதம் வெட்டினால் 78 சதவீத வேர்கள். 80 சதவீதம் வெட்டினால் எல்லா வேர்களும் நின்றுவிட்டன. அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பத்து நாட்களுக்கும் மேலாக.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். 40க்கும் 50க்கும் நடுவே பெரிய வித்தியாசம் இல்லை. 50க்கும் 60க்கும் நடுவே படிக்கட்டே இல்லாத பள்ளம். பாதி வரை புல் தாங்கிக்கொள்கிறது. பாதியைத் தாண்டினால் சட்டென்று படுத்துவிடுகிறது. புல்லுக்குப் புல் இந்த எண்கள் கொஞ்சம் மாறும். மழை பெய்து மண் வளமாக இருக்கும்போது தாங்கும் சக்தி கூடும், வறட்சியில் குறையும். ஆனால் பாதியை எடு, பாதியை விடு என்பது அமெரிக்க மேய்ச்சல்காரர்களிடம் ஒரு பழமொழி மாதிரி நின்றுவிட்டது. எங்கள் அப்பாரு சொன்ன ‘அதும்பங்கு’ இதுதான்.

இப்போது நம் ஒப்பந்தத்தை இதோடு பொருத்திப் பாருங்கள். தரையோடு வெட்டினால் வேர் பத்து நாட்களுக்கு மேல் படுத்துவிடும். பதினைந்தாம் நாள் இயந்திரம் மறுபடி வந்துவிடும். எழுந்து உட்கார்ந்தவரை மறுபடி தள்ளிவிட்ட கதைதான். வருடம் முழுக்கப் புல் மேலே பச்சை காட்டிக்கொண்டிருக்கும். கீழே வேர் வளர்ந்திருக்காது. பழைய வேர்கள் இயல்பாக மடியும், புதியவை அந்த இடத்துக்கு வராது.

நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். வெட்டிய அன்று புல் சாவதில்லை. ஒரு வாரத்தில் துளிர்க்கிறது, நமக்குத் திருப்தி. அது சாவது பல மாதங்கள் கழித்து, கோடையில். மேல்மண் காய்ந்து, ஈரம் இரண்டு அடிக்குக் கீழே இறங்கிய பிறகு, ஒரு விரல் நீள வேரால் அதைத் தொட முடியாது. பக்கத்தில் முழு வேரோடு இருக்கிற தூர் அதே வெயிலில் தூங்கிக் கிடந்து, அடுத்த மழைக்கு எழுந்துவிடும். நாம் செத்த புல்லைப் பார்க்கிற நாளில் கத்தி அங்கே இல்லை, வெயில்தான் இருக்கிறது. அதனால் வெயில்மேல் எழுதிவிடுகிறோம்.

இந்தத் தவறை நான் இங்கே மட்டும் பார்க்கவில்லை. என் சொந்தக் காட்டில் நானே செய்தேன்.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டுக்கே வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைவு. ஊரில் காட்டைப் பார்த்துக்கொள்வது என் தம்பி. 2017 கோடை முழுக்கச் சோளத்தட்டு விலைக்கு வாங்கித்தான் மாடுகளையும் ஆடுகளையும் காப்பாற்றினான். பணம் நான் அனுப்பினேன். அந்த வருடம் ஆடி, ஆவணியில் மழை கிடைத்தது. பத்தே நாளில் காடு முழுக்க ஊசி ஊசியாகப் பச்சை. தம்பி போன் செய்தான். “அண்ணா, புல்லு தலைகாட்டிருச்சுங்க. இப்பவே உட்டுறலாமுங்களா, இன்னும் தட்டு வாங்கிப் போடலாமுங்களா?” என்று கேட்டான்.

நான் கையிலிருந்த பணத்தை நினைத்தேன். “புல் வந்துவிட்டதல்லவா, விட்டுவிடு” என்றேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் பெரியப்பா காடு. அவருக்கும் கஷ்டம்தான். ஆனால் அவர் படலைத் திறக்கவில்லை. “நாப்பது நாளைக்காச்சும் பொறுத்துக்க கண்ணு. அது வேருல இருந்ததைத் தின்னுபோட்டு வந்த பச்சை” என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறார். தம்பி அதை என்னிடம் சொன்னபோது நான் சிரித்தேன்.

பெரியப்பா சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி. நீண்ட வறட்சிக்குப் பிறகு வருகிற முதல் பச்சை, வரவில் கட்டியது இல்லை, மிச்ச மீதி சேமிப்பை வழித்துக் கட்டியது. அந்த இலைகள் விரிந்து சம்பாதிக்கத் தொடங்கிய பிறகுதான் புல்லுக்கு உயிர் திரும்பும். அந்தச் சமயத்தில் கடித்துவிட்டால், காலியான கணக்கிலிருந்து இன்னொரு முறை எடுக்கச் சொல்கிறோம். அதோடு நாங்கள் விட்டது செம்மறி ஆடு. மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது. நாக்கால் சுருட்டி இழுத்துத்தான் மேயும், அதனால் தரையை ஒட்டி மேய அதற்கு வராது. செம்மறியின் மேலுதடு பிளந்தது. தரைவரைக்கும் கொறித்து எடுக்கும். எங்கள் ஆடுகள் அன்று செய்ததைத்தான் இன்று நம் இயந்திரம் செய்கிறது. ஆடாவது ஒரு தூரை விட்டு இன்னொரு தூருக்குப் போகும். இயந்திரம் ஒன்றையும் விடாது.

அந்த வருடம் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. புல் திரும்பத் திரும்ப வந்தது, ஆடு திரும்பத் திரும்பக் கொறித்தது. 2018 கோடை தாண்டி மழை பெய்தபோதுதான் தெரிந்தது. பெரியப்பா காட்டில் புல் எழுந்தது. எங்கள் காட்டில் கொளுஞ்சியும், மழைக்கு வந்து மழையோடு போகிற ஒருபோகப் புல்லும்தான். கொழுக்கட்டைத் தூர்களைத் தொட்டால் சருகாக உதிர்ந்தன. வேலிக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஒரே மழை. தட்டு வாங்க நாற்பது நாள் பணம் மிச்சம் பிடித்தேன். அதற்குப் பதிலாக இரண்டு பசுக்களை விற்றோம். அதில் ஒன்று அம்மா கையால் வளர்ந்தது. அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

சரி, அப்படியானால் புல்லைத் தொடவே கூடாதா? அதுவும் தவறு. இதைச் சொல்லாவிட்டால் நான் பாதி உண்மைதான் சொன்னவனாவேன். வருடக்கணக்கில் வெட்டாமலும் மேயாமலும் விட்டால், பழைய காய்ந்த தாள் தூருக்குள் அடைத்துக்கொள்ளும். அடியில் வெளிச்சம் விழாது. பக்கக் குருத்துகள் கிளம்பாது. தூர் நடுவிலிருந்து செத்து வெறும் வளையமாக நிற்கும். அளவாக வெட்டினால் வெளிச்சம் அடிவரை இறங்கும், புதுக் குருத்துகள் வரும். மேய்ச்சல் புல்லுக்கு வெட்டு எதிரியில்லை. எவ்வளவு விட்டோம், எப்போது வெட்டினோம், எத்தனை நாள் ஓய்வு கொடுத்தோம் என்ற மூன்றில்தான் எல்லாம் இருக்கிறது.

எவ்வளவு என்பதற்கு ஒரு சின்ன வித்தை காட்டுகிறேன். இந்தத் தூரை அடியோடு அறுத்து நூலால் கட்டியிருக்கிறேன். உயரம் மூன்று அடி. இதைப் படுக்க வைத்து ஒரு விரல்மேல் சமமாக நிறுத்துகிறேன். எங்கே நிற்கிறது பாருங்கள். நடுவில் இல்லை. அடியிலிருந்து ஏறக்குறைய ஒரு அடியில் நிற்கிறது. காரணம், புல்லின் கனம் அடியில்தான் இருக்கிறது. நுனியில் வெறும் நீளம்தான். அதனால் பாதி உயரத்துக்கு வெட்டினால் நாம் எடுத்தது பாதிப் புல் இல்லை, அதைவிடக் குறைவு. புல் தாராளமாகத் தாங்கும். ஆனால் தரைக்கு மேலே ஒரு அங்குலம் விட்டு வெட்டினால் ஏறக்குறைய மொத்தத்தையும் எடுத்துவிட்டோம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு தூரைக் கொடுத்து இதைச் செய்யச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் புரிந்துகொள்வார்கள்.

எப்போது என்பதற்கு மூன்று காலங்களைச் சொல்கிறேன். முதல் மழைக்குத் துளிர்த்த சமயம் மிக ஆபத்தானது. எங்கள் காட்டுக்கு நேர்ந்தது அதுதான். அடுத்தது புல் கதிர் தள்ளுகிற சமயம். அதுவரை தரையோரம் பத்திரமாக இருந்த குருத்து, தண்டு நீளும்போது அதோடு சேர்ந்து மேலே ஏறிவிடும். அப்போது வெட்டினால் குருத்தும் போய்விடும். அந்தத் தண்டின் கதை முடிந்தது. அடியில் உறங்கும் மொட்டுகள் புதிதாகக் கிளம்பித்தான் ஈடுகட்ட வேண்டும். அதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டால் ஈடுகட்ட நேரம் இருக்காது. மூன்றாவது, விதை முற்றி உதிர்ந்து புல் காய்ந்த பிறகு. தூரில் சேர்க்க வேண்டியதைச் சேர்த்தாகிவிட்டது. இப்போது வெட்டினால் அதிகச் சேதமில்லை. அப்போதும் அடியில் கொஞ்சம் தாள் நிற்க வேண்டும். அது மண்ணுக்கு நிழல். ஓடுகிற மழைநீரைத் தடுத்து மண்ணுக்குள் இறக்குவதும் அதுதான். விதையும் அங்கேதான் தங்கும்.

ஓய்வுக்கும் ஒரு அளவு உண்டு. விதைத்து வளர்க்கிற கொழுக்கட்டைப்புல்லைக்கூட 70, 75 நாள் கழித்துத்தான் முதல் அறுப்புக்கு எடுக்கச் சொல்கிறார்கள். அதற்குள் தூரும் வேரும் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் காரணம்.

‘முன்வாசல் புல்வெளியை மட்டும் வாராவாரம் வெட்டுகிறோமே, அது சாகவில்லையே’ என்று ஏ பிளாக் அம்மா ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அங்கே இருப்பது படர்கிற புல். அருகம்புல்லும் அப்படித்தான். அதன் தண்டு தரையோடு படுத்து ஓடும். குருத்துகளும் சேமிப்பும் கத்திக்குக் கீழே, மண்ணோடு ஒட்டியிருக்கும். நாம் வெட்டுவது மேலே நிமிர்ந்த இலையை மட்டும்தான். அதிலும் ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது என்பது தோட்டக்காரர்கள் கணக்கு. அதோடு தினமும் தண்ணீர் ஊற்றுகிறோம். பின்னால் இருப்பது நிமிர்ந்து தூர் கட்டுகிற புல். அதற்கு நாம் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றுவதில்லை. இரண்டையும் ஒரே கத்தியால் வெட்டுவது பொருந்தாது.

புல் போனால் போகட்டும், மண் இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். வெற்று மண்ணில் மழைத்துளி நேராக விழுந்தால் மேல்மண் அடைபட்டு ஓடுபோல இறுகிவிடும். தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடும். அது எங்கே ஓடுகிறது என்று சி பிளாக் கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்துகிறவர்களைக் கேளுங்கள். புல் விட்டுப்போன இடத்தில் என்ன வரும் என்பதும் தெரிந்துவிட்டது. கிழக்கு மூலையில் பார்த்தீனியம் பூத்திருக்கிறது. அதைத் தொட்டால் அரிப்பு, சிலருக்கு மூச்சிரைப்பு. அதை வெட்ட இன்னொரு ஒப்பந்தம் போட வேண்டியிருக்கும்.

பாம்பு பயத்தைப் பற்றிச் சிலர் முன்னமே என்னிடம் பேசினார்கள். அந்தப் பயத்தை நான் சிறிதும் குறைத்துச் சொல்லமாட்டேன். எனக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் முழு இடத்தையும் வளரவிடுங்கள் என்று கேட்கவில்லை. நான் முன்வைப்பது இவ்வளவுதான்.

நடைபாதையை ஒட்டியும் பிள்ளைகள் விளையாடும் இடத்தைச் சுற்றியும் எட்டு அடி அகலத்துக்கு இப்போதுபோலவே ஒட்ட வெட்டலாம். அந்தப் பட்டையில் நிமிர்ந்த புல் போய் அருகு படரும், அது நல்லதுதான். காலடியில் எது கிடந்தாலும் கண்ணில் படும். மீதி இடத்தில் முதல் மழை பெய்ததிலிருந்து விதை உதிரும் வரை கத்தி வைக்க வேண்டாம். தை, மாசியில் புல் காய்ந்த பிறகு ஆறு அங்குலம் விட்டு ஒரு தடவை வெட்டுவோம். காய்ந்த புல்லை அப்படியே விட்டால் கோடையில் ஒரு பீடித்துண்டு போதும் தீப்பிடிக்க. அதனால் வெட்டியதைக் கட்டி, பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம், அவர்களே வந்து அறுத்துக்கொள்ளவும் தயார். கொசுவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொசு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில். தண்ணீர் தேங்குவது இறுகிய மண்ணில்.

வருடம் 24 தடவை கொடுக்கிற கூலியில் பெரும்பகுதி மிஞ்சும். அதைப் பொருளாளர் கணக்குப் போட்டுச் சொல்வார். மிஞ்சுகிற பணத்தில் பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்க ஆள் வைக்கலாம். ஒரு வருடம் பார்ப்போம். சரிவரவில்லை என்றால் அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து நின்று பழைய ஒப்பந்தத்துக்குக் கை தூக்குகிறேன்.

கடைசியாக, எங்கள் காடு என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். 2018இல் தம்பி படலைச் சாத்தினான். இரண்டு மழைக்காலம் ஒரு ஆட்டையும் உள்ளே விடவில்லை. முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. பெரியப்பாதான் வேலியோரம் கூட்டிப்போய்க் காட்டினாராம். கிளுவை முள்ளுக்குள்ளே, ஆட்டின் வாய் எட்டாத இடத்தில், கொழுக்கட்டைத் தூர்கள் வரிசையாக உயிரோடு நின்றிருக்கின்றன. அவற்றின் விதைதான் காற்றில் உள்ளே வந்தது. வேலியிலிருந்து புல் கொஞ்சம் கொஞ்சமாக நடுக்காட்டுக்கு நடந்து வந்தது. முழுக்க வரவில்லை. பாதிக் காடு திரும்பியிருக்கிறது. நாற்பது நாள் அவசரத்துக்கு விலை அது.

நமக்கும் பம்ப் ரூம் சுவரோரத்தில் இன்னும் ஏழெட்டுத் தூர் மிச்சம் இருக்கிறது. நேற்று மாலை எண்ணிப் பார்த்தேன். ஒன்றைத்தான் உங்களுக்குக் காட்டத் தோண்டினேன். கூட்டம் முடிந்ததும் அதைத் திரும்ப அதே குழியில் வைத்துத் தண்ணீர் ஊற்றப் போகிறேன். வர விரும்புகிறவர்கள் என்னோடு வாருங்கள், மற்றவற்றையும் காட்டுகிறேன்.

இனி கை தூக்கலாம்.